நாலாம் பெட்டியின் பின்வாசல்

இராஜரட்ணம் எந்த இடத்துக்குள் போனாலும் முதலில் பார்ப்பது வெளியே வரும் வழியைத்தான். கலியாண மண்டபம் என்றால் மணவறையைப் பார்க்க முன்னர் பின்கதவைப் பார்ப்பார். கோயில் என்றாலும் அப்படித்தான், சாமி பிறகு. பஸ்ஸில் பின்கதவுக்குப் பக்கத்து ஆசனத்தை விட்டு ஒரு அங்குலம் நகரமாட்டார். கேட்டால் சிரிப்பீர்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்; தொண்ணூறாம் ஆண்டு ஊரில், கொக்குவிலில் அந்த மனிசன் வெறுங்கையால் மண் கிண்டியதை நீங்கள் பார்க்கவில்லை.

கனடாவுக்கு வந்த தொண்ணூற்றிரண்டிலிருந்து அவர்கள் ரொறன்ரோவில், மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுஸின் நிலக்கீழ்ப் பேஸ்மன்றில் குடியிருந்தார்கள். அவர், மனைவி யோகராணி, ஒன்பது வயது மகள் சிவானி. பேஸ்மன்றுக்கு ஒரே வாசல், மேல் வீட்டுக்கு ஏறும் படிதான். அதனால் படுக்கையறையில் கூரையோடு ஒட்டியிருந்த சின்ன ஜன்னலை அவர் ஒருநாளும் பூட்டியதில்லை. மைனஸ் இருபதிலும் அது ஒரு சாண் திறந்தே கிடக்கும். கீழே ஒரு கதிரை, அவசரத்துக்கு ஏறுவதற்கு. உள்ளே விழும் பனி கட்டிலின் கால்மாட்டில் கிடந்து உருகும்.

“விசர் பிடிச்ச மனிசன்! றோட்டில போய்ப் படுத்தாலும் இதைவிடச் சூடா இருக்கும்,” என்று யோகராணி கத்துவார். அவருக்கு மார்கழியில் தொடங்குகிற இருமல் சித்திரை வரைக்கும் போகாது. சிவானி இரண்டு சுவெற்றருக்கு மேலே தொப்பியும் போட்டுக்கொண்டு, “அப்பா, இட்ஸ் ஃப்ரீசிங்!” என்பாள். இராஜரட்ணம் ஜன்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பார்.

ஊரில் அவர் மேசன். சண்டை வந்த பிறகு வீடு கட்டுகிறவர்கள் இல்லாமல் போனார்கள், குண்டுக்கு ஒளிக்கப் பங்கர் வெட்டுகிறவர்கள்தான் இருந்தார்கள். அவர் குடியிருந்த ஒழுங்கையில் பாதிப் பங்கர் அவர் கையால் வெட்டியது. ‘ட’ வடிவத்தில் கிடங்கு, மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை, இரண்டு பக்கமும் வாசல். அண்ணன் செல்வரட்ணத்தின் வளவில் வெட்டும்போது குற்றி போதவில்லை. “இப்போதைக்கு ஒரு வாசலோட இருக்கட்டும் அண்ணை, கிழமைக்குள்ள மற்றதை வெட்டித் தாறன்,” என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்றாம் நாள் பொம்மர் வந்தது. குண்டு பங்கரில் விழவில்லை. வாசலுக்கு நேரே விழுந்தது, மண் சரிந்து வாசலை மூடியது. உள்ளே அண்ணனும் அண்ணியும். இராஜரட்ணம் கிண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது இருவரின் உடம்பிலும் ஒரு கீறல்கூட இல்லை. மூச்சுத்தான் இல்லை.

இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. யோகராணிக்குச் சொல்லத் தேவையும் இல்லை, அன்றைக்குக் கூடை கூடையாக மண் அள்ளிக் கொட்டியவர் அவர்தான். அதற்குப் பிறகு இருவரும் அந்த நாளைப் பற்றிக் கதைத்ததே கிடையாது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு கோடை. கட்டட வேலையில் ஆட்குறைப்பு நடந்து இராஜரட்ணம் வீட்டில் இருந்தபோது, ரூஜ் பள்ளத்தாக்கை ஒட்டிய ஒரு சின்ன விலங்கு நிலையத்தில் வேலை இருப்பதாக அன்புராசா வந்து சொன்னார். அன்புராசா அங்கே துப்புரவு வேலை பார்த்த கூட்டாளி, வாய் ஓயாதவர். “மண் வெட்டத் தெரிஞ்ச ஆள் வேணுமாம். அணிலுக்கு வீடு கட்டோணும், அண்ணை.”

“அணிலுக்கோ?”

“ஓம். ஆனா உது இராமர் தடவிவிட்ட அணில் இல்லை. பூனையைவிடப் பெரிசு, கொழுத்துப் போய்க் கிடக்கு. மரமும் ஏறாது. நிலத்துக்குள்ள வளை தோண்டித்தான் இருக்கும். மார்மட் எண்டு பேர்.”

போய்ப் பார்த்தால் அன்புராசா சொன்னது உண்மைதான். கபில நிற உடம்பும் வெள்ளை மூக்குமாய்ப் புல்லில் குந்தியிருந்து இரண்டு கையாலும் கரட் தின்றுகொண்டிருந்தன. ஆளைக் கண்டதும் ஒன்று விசிலடித்தது. அவ்வளவுதான், எல்லாம் ஒரே பாய்ச்சலில் குழாய்க்குள் போய் மறைந்தன. பொம்மர் சத்தம் கேட்டால் ஒழுங்கைப் பிள்ளைகள் ஓடுவதும் இந்த வேகத்தில்தான்.

அங்கே பொறுப்பாளர் பேனாட். மெலிந்த மனிதர், தாடி, சட்டைப் பையில் பென்சில், கையில் எந்நேரமும் குறிப்பெழுதும் கொப்பி. அவருடைய ஆங்கிலம் இராஜரட்ணத்துக்கு முக்கால்வாசி விளங்கும். இந்த இனம் மேற்குக் கரையில் ஒரே ஒரு தீவின் மலைகளில்தான் இருக்கிறது, மிஞ்சியது நூறோ என்னவோ என்றார். மலையில் காட்டை வெட்டினார்கள். வெட்டை வெளியைக் கண்ட மார்மட்டுகள் நல்ல இடமென்று நம்பி அங்கே வளை தோண்டின. பிறகு இளமரம் முளைத்தது. அதற்குள் மலைச் சிங்கமும் ஓநாயும் பதுங்கி நின்று ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றன. அதனால் சிலதைப் பிடித்து இங்கே கொண்டுவந்து பெருக்கி, குட்டிகளை விமானத்தில் ஏற்றிப் பழைய புல்வெளிகளிலே கொண்டுபோய் விடுவதுதான் திட்டம். அங்கே புல்வெளியை மூடி வளரும் மரங்களை வெட்டவும் ஆட்கள் போயிருந்தார்கள்.

இராஜரட்ணத்தின் வேலை, நாலு பெட்டிகளை நிலத்துக்கு அடியில் தாழ்ப்பது. குளிர்காலத்தில் மார்மட்டுகள் அதற்குள் போய் ஏழு மாதம் நித்திரை கொள்ளும். பலகைப் பெட்டி, அதற்கு வெப்பமானி வயர், உள்ளே போகக் கறுப்புக் குழாய் ஒன்று. பேனாட் தந்த படத்தில் பெட்டிக்கு ஒரு குழாய்தான் இருந்தது.

“வன் டோர்?” என்று கேட்டார் இராஜரட்ணம்.

“ஒன்று போதும்,” என்றார் பேனாட்.

அந்தக் கிழமை முழுவதும் இராஜரட்ணத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஏழு மாதம், மண்ணுக்கு அடியில், ஒரு வாசல்! மண் சரிந்தால்? பனி மூடினால்? சனிக்கிழமை பேனாட் இல்லாத நேரம் பார்த்து, மிஞ்சிக் கிடந்த குழாயை அறுத்து, நாலு பெட்டிக்கும் பின்பக்கமாக இரண்டாவது வாசல் வைத்தார். வேலிக்கு உட்பக்கமாகத்தான் வாயை விட்டார், தப்பியோடக் கூடாது அல்லவா? வாயில் ஒரு தட்டைக் கல்லைச் சாய்த்தார், தலையால் முட்டினால் விழக்கூடிய மாதிரி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை சோறு தின்றார். யோகராணி புதினமாகப் பார்த்தார்.

புரட்டாதியில் மார்மட்டுகள் வைக்கோலை வாயில் கவ்விக் கவ்விக் குழாய்க்குள் கொண்டுபோயின. பிறகு ஒருநாள் ஒன்றுமே வெளியில் வரவில்லை. மூன்று பெட்டிகளில் சோடி சோடியாக ஆறு. நாலாம் பெட்டியில் மட்டும் ஒரு இளம் பெட்டை தனியாக. அந்தக் கோடையில்தான் அது வந்தது. அது இருந்த மலைச்சரிவில் மற்ற எல்லாவற்றையும் மலைச் சிங்கம் தின்றுவிட்டது. “அந்தச் சரிவுக்கு இவள் ஒருத்திதான் மிச்சம். இவள் தப்பினால் வருகிற வருடம் சோடி சேர்ப்போம். இல்லையென்றால் அந்த வம்சம் முடிந்தது,” என்றார் பேனாட். இராஜரட்ணம் தலையாட்டினார். இவளுக்கென்றால் பின்வாசல் கட்டாயம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

தொண்ணூற்றொன்பது தை மாதத்தை ரொறன்ரோவில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கொட்டத் தொடங்கிய பனி நிற்கவே இல்லை. இராஜரட்ணம் தினமும் சவளோடு போய் நாலு பின்வாசலிலும் பனியை அள்ளி, கல்லைத் தட்டித் துப்புரவாக்கினார். வேலியோரம் பாதை வெட்டுகிறார் என்று பேனாட் நினைத்தார், நன்றியும் சொன்னார்.

இரண்டாம் கிழமை பேனாட்டின் முகம் மாறியது. மூன்று பெட்டிகளில் வெப்பம் ஐந்து பாகையில் ஆடாமல் நின்றது. நாலாம் பெட்டியில் நாலு, மறுநாள் மூன்று, அதற்கு மறுநாள் இரண்டு. வயரை மாற்றினார், அப்போதும் இரண்டுதான். “திறந்து பார்க்க முடியாது. திறந்தால் எழும்பிவிடுவாள். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் கொழுப்பு எரியும், வசந்தத்துக்கு முன்னர் பட்டினியில் செத்துப்போவாள். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே போனால் உறைந்து சாவாள்,” என்றார். பென்சிலைக் கடித்தபடி, “எங்கிருந்து காற்று வருகிறது?” என்று தனக்குத்தானே கேட்டார்.

எங்கிருந்து வருகிறது என்று பக்கத்தில் நின்ற மேசனுக்குத் தெரியாதா என்ன? ஒரு வாசலென்றால் காற்று நிற்கும், இரண்டு வாசலென்றால் ஓடும். பங்கரில் மூச்சு முட்டாமலிருக்க அதைத்தானே அவர் செய்வார். சொல்ல வாயெடுத்தார். பேனாட்டின் கையில் கொப்பி திறந்திருந்தது. ஊரில் விசாரணைக்காரரின் திறந்த கொப்பிக்கு முன்னால் நின்று உண்மை சொன்னவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று அவருக்குத் தெரியும். இது கனடா, இந்த மனிதன் பேனாட் என்று மூளைக்கு விளங்கியது, நாக்குக்கு விளங்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்றைக்குச் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடி யோகராணியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். வேலை போய்விடும் என்றார். பிடித்துக் கேட்பார்கள், எழுதிவைப்பார்கள் என்றார். யோகராணி இருமலை அடக்கிக்கொண்டு கேட்டார்.

“இஞ்சருங்கோ, நான் ஒண்டு சொன்னால் கோவிக்கக் கூடாது. அண்டைக்கு அத்தானும் அக்காவும் வாசல் இல்லாமல் செத்தவை. இண்டைக்கு அந்தச் சீவன் நீங்கள் வைச்ச வாசலால சாகப் போகுது. நீங்கள் ஆருக்குப் பங்கர் வெட்டினீங்கள்? அணிலுக்கோ, அண்ணைக்கோ?”

இராஜரட்ணத்துக்குக் கோபம் வரவில்லை. கொக்குவில் கதையை இருவரும் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

“விடியப் போய்ச் சொல்லுங்கோ. வேலை போனால் போகட்டும். இன்னொரு சாவை என்னால தாங்கேலாது,” என்றார் யோகராணி.

விடியப் போனார். சும்மா போய்விடவில்லை. பனி அள்ள ஆளில்லையென்று நகரம் பட்டாளத்தைக் கூப்பிட்டிருந்தது. இராஜரட்ணத்துக்கு அந்தச் செய்தி தெரியாது. பஸ் தரிப்பில் நின்றவருக்கு முன்னால் பச்சை ட்ரக் ஒன்று வந்து நின்றது. சப்பாத்துக் கால்கள் தொப்புத் தொப்பென்று குதித்தன. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணாடித் தடுப்போடு ஒட்டிப்போய் நின்றார். திரும்பி ஓடு, ஓடு என்றது உடம்பு. ஒரு பெடியன், இருபது வயது இருக்காது, சவளோடு கிட்ட வந்து, “குட் மோர்னிங், சேர்,” என்று சொல்லிவிட்டு அவருடைய காலடியிலிருந்த பனியை அள்ளத் தொடங்கினான். இராஜரட்ணம் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். பெடியன் விளங்காமல் சிரித்தான். நல்லவேளை, பஸ் வந்தது.

நிலையத்துக்குப் போனபோது வெப்பமானி ஒன்றரை காட்டியது. பேனாட் கொப்பியோடு நின்றார். இராஜரட்ணம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“சேர். ஐ மேட் பாக் டோர். ஓல் பொக்ஸ்.”

பேனாட்டுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்துபோயிற்று. கொப்பியை மேசையில் அடித்தார். ஏன், யாரைக் கேட்டு, என்ன செய்திருக்கிறாய் என்று தெரியுமா என்று சத்தம் போட்டார். இராஜரட்ணத்திடம் அவ்வளவு பெரிய கதைக்கு ஆங்கிலம் இல்லை.

“மை பிரதர்,” என்றார். “பங்கர். வன் டோர். பொம். நோ எயர்.” பிறகு தன் நெஞ்சில் கையை வைத்து, “ஐ மேட்,” என்றார்.

பேனாட் கொப்பியை மூடிப் பையில் வைத்தார். “வா, காட்டு,” என்றார்.

முதலாம் பெட்டியின் பின்வாசல் கல்லை எடுத்துவிட்டுப் பேனாட் கையை உள்ளே விட்டார், கை ஒரு முழம்கூடப் போகவில்லை. இராஜரட்ணத்தையும் கை விட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே வைக்கோலும் மண்ணும் சேர்த்து இறுக்கி அடைத்திருந்தது. விரலால் தட்டினார். நல்ல மேசன் பூசின சுவர் மாதிரி இருந்தது. இரண்டாம் பெட்டியிலும் மூன்றாம் பெட்டியிலும் அப்படியே.

“யார் அடைத்தது?” என்றார் இராஜரட்ணம்.

“அவைதான்,” என்றார் பேனாட். “குளிர்காலம் தொடங்க எல்லா வாசலையும் உள்ளேயிருந்து தாங்களே அடைத்துவிடும். அடைத்தால்தான் நித்திரை. பெரியவற்றோடு சேர்ந்து அடைத்துத்தான் குட்டிகள் பழகும். இவளுக்கு அதைப் பழக யாரும் மிஞ்சவில்லை. முன்வாசலை ஒருமாதிரி அடைத்தாள், பின்வாசலை விட்டுவிட்டாள். பனியாவது மூடியிருந்தால் போர்வை போல அவளைக் காப்பாற்றியிருக்கும்.” அதோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பனியைத் தினமும் அள்ளியது யாரென்று சொல்லவில்லை.

நாலாம் பெட்டிக் குழாயின் வாயில் உறைபனி பூத்திருந்தது. காது வைத்தால் காற்றுச் சத்தம் கேட்டது. பேனாட் வைக்கோலை எடுத்துக்கொண்டு முழந்தாளில் இருந்தார். இராஜரட்ணம் அவருடைய தோளைப் பிடித்தார்.

“நோ சேர். ஐ மேட். ஐ குளோஸ்.”

தோள் முட்டக் கையை விட்டார். உள்ளே உயிர் இருக்கிறதா என்று ஒரு சத்தமும் இல்லை. வைக்கோலை வைக்கிறபோது கை பின்னால் இழுத்தது. இருட்டுக்குள் ஒரு சீவன் கிடக்க, வாசலைத் தன் கையாலேயே அடைக்கிறார்! அண்ணையின் முகம் வந்தது, அண்ணியின் திறந்த வாய் வந்தது. “என்னை மன்னிச்சுக்கொள்ளம்மா,” என்று குழாய்க்குள் சொல்லிச் சொல்லி வைக்கோலையும் களிமண்ணையும் இறுக்கினார். கடைசியில் கல்லை வைத்து, அள்ளிய பனியை எல்லாம் திரும்பக் கொட்டி மூடினார். பிறகு அந்தப் பனிக்கு மேலேயே இருந்து அழுதார். பேனாட் பக்கத்தில் நின்றார், வேறு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

வெப்பம் ஒரு கிழமையில் நாலுக்கு ஏறியது. ஆனால் உள்ளே இருப்பது உயிரா பிணமா என்று வெப்பமானி சொல்லாது. மாசி போனது, பங்குனி போனது. வேலை போகவில்லை, போயிருந்தாலே நல்லதென்று சில நாள் அவருக்குத் தோன்றியது. அன்புராசாகூடப் பகிடியை நிறுத்திவிட்டார்.

சித்திரை நடுப்பகுதியில் முதலாம் பெட்டிக்காரர் முன்வாசலால் தலை நீட்டினார்கள். அந்தக் கிழமையே இரண்டாம், மூன்றாம் பெட்டி. ஆறும் வந்தன, மெலிந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நாலாம் பெட்டி அசையவில்லை. ஒரு கிழமை போனது. பத்தாம் நாள், “நாளைக்குத் திறப்போம்,” என்றார் பேனாட். குரல் பிணப்பெட்டியைத் திறக்கப் போகிறவரின் குரலாக இருந்தது.

அன்று குளிர்காலம் திரும்பி வந்த மாதிரி ஆலங்கட்டியும் மழையும். இருவரும் நனைந்துகொண்டு நாலாம் பெட்டியின் முன்குழாயைப் பார்த்தபடி குந்தியிருந்தார்கள். இத்தனை வருடமும் பின்வாசலைப் பார்த்த மனிசன் அன்றைக்கு மட்டும் முன்வாசலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அதனால் பின்னால் கல் விழுந்த சத்தம் கேட்டபோது துள்ளி எழும்பினார்.

களிமண் கட்டி கட்டியாக வெளியே வந்து விழுந்தது. அவர் தை மாதத்தில் உயிரைக் கொடுத்து இறுக்கிய அடைப்பை அவள் சில நிமிடத்தில் தள்ளிவிட்டாள். முதலில் வெள்ளை மூக்கு. பிறகு மண் அப்பிய தலை. பிறகு எலும்பும் தோலுமாய் உடம்பு. பேனாட் அவருடைய கையைப் பிடித்து நசுக்கினார். அவள் நின்று இருவரையும் பார்த்தாள், ஒரு விசில் அடித்தாள், திரும்ப உள்ளே ஓடிப்போனாள்.

“அட, வந்திட்டாளடா!” என்றார் இராஜரட்ணம் தமிழில். பேனாட்டுக்கு அது விளங்கியது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே படுக்கையறைக்குப் போனார். கதிரையில் ஏறினார். ஜன்னலை இழுத்தார். ஏழு குளிர்காலம் திறந்து கிடந்த ஜன்னல், இறுகிப்போய் வர மறுத்தது. குத்தி இழுத்து மூடிக் கொளுக்கியைப் போட்டார்.

யோகராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “என்னப்பா செய்யிறீங்கள்?”

“அவள் வந்திட்டாள். பின்வாசலால.” இறங்கிக் கட்டிலில் இருந்தார். “அடைச்சாலும் உள்ளுக்க இருந்து திறக்கலாமாம். உனக்கும் இருமலெல்லோ. பூட்டிப் பாப்பம்.”

யோகராணி பக்கத்தில் வந்து இருந்தார். சிரித்தார், கண் கலங்கியது. றோட்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது. அறை சூடாகத் தொடங்கியது. “நல்லாத்தான் கிடக்கு,” என்றார்.

கொஞ்ச நேரம் போனது. யோகராணியின் கை கழுத்தடியைத் தடவியது. அவர் படியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், திரும்பவும் படியைப் பார்த்தார்.

“இஞ்சருங்கோ. கொஞ்சம் திறந்து விடுங்கோவன்.”

“குளிருமெல்லோ?”

“குளிரட்டும். எனக்குப் பயமாக் கிடக்கு.”

இராஜரட்ணம் அவருடைய முகத்தைப் பார்த்தார். ஏழு குளிர்காலம் இந்த ஜன்னலுக்காகக் கத்திய மனிசி, கொக்குவிலில் கூடை கூடையாக மண் அள்ளிய மனிசி. எழும்பிக் கதிரையில் ஏறி, கொளுக்கியைக் கழற்றி, ஒரு சாண் திறந்தார்.

“இன்னும் கொஞ்சம்,” என்றார் யோகராணி.